கால்பந்து நடுவர் களத்தில் சரியான முடிவை எப்படி எடுப்பது?

மாவட்ட அளவில் நடுவர் தேர்வில் தேறி, பள்ளி, கல்லூரி ஆட்டங்களுக்கு விசில் ஊதத் தொடங்கியிருக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: "விதிப் புத்தகம் நன்றாகத் தெரியும். தேர்விலும் நல்ல மதிப்பெண். ஆனால் மைதானத்தில் இறங்கினால் இரண்டு பக்கமும் கத்துகிறார்கள், ஒரு நொடியில் முடிவு சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்னது சரிதானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. அனுபவமுள்ள நடுவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்?"

நான் பார்த்தவரை, நடுவர்களின் தவறான முடிவுகளில் விதி தெரியாமல் நடப்பவை குறைவு. நடந்ததைச் சரியாகப் பார்க்க முடியாமல் போனதால் வருபவைதான் அதிகம். பார்த்துவிட்டால் விதியைப் பொருத்துவது அவ்வளவு கஷ்டமில்லை. ஆகவே முடிவு எடுக்கக் கற்றுக்கொள்வது என்றால் முதலில் பார்க்கக் கற்றுக்கொள்வது.

2010 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினும் நெதர்லாந்தும் மோதிய அந்த ஆட்டத்தின் நடுவர் இங்கிலாந்தின் ஹோவர்ட் வெப், அப்போது உலகத்தின் முதல் வரிசை நடுவர்களில் ஒருவர். 28-வது நிமிடத்தில் நெதர்லாந்தின் நைஜல் டி யோங் காலை உயரத் தூக்கி, ஷாபி அலோன்சோவின் நெஞ்சில் பூட்ஸ் ஆணியோடு உதைத்தார். டிவியில் பார்த்த எல்லோருக்கும் அது சிவப்பு அட்டை. வெப் கொடுத்தது மஞ்சள். நடுவில் வேறு ஆட்டக்காரர் மறைத்ததால் தனக்கு முழுதாகத் தெரியவில்லை என்றும், பிறகு படத்தைப் பார்த்தபோதுதான் அது சிவப்பு என்று புரிந்தது என்றும் அவரே பின்னாளில் சொன்னார். முழுதாகப் பார்க்காத ஒன்றுக்கு, அதுவும் உலகக் கோப்பை இறுதியில், சிவப்பு அட்டை காட்ட முடியாது. அந்த நிலைமையில் மஞ்சள்தான் அவரால் நேர்மையாகக் கொடுக்க முடிந்தது. பிழை அட்டையின் நிறத்தில் தெரிந்தாலும், அதற்கு இரண்டு நொடிக்கு முன்பே பார்வைக் கோட்டில் தொடங்கிவிட்டது.

1982-ல் செவில்லாவில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதி இதைவிட மோசம். மேற்கு ஜெர்மனியின் கோல்கீப்பர் ஷூமாக்கர் பாய்ந்து வந்து, ஷாட் அடித்த பிரான்சின் பாட்டிஸ்டன்மேல் மோதினார். பாட்டிஸ்டன் நினைவிழந்து கீழே விழுந்தார், பற்கள் போயின. நடுவர் கொடுத்தது கோல் கிக். ஃபவுல்கூட இல்லை. பந்து கோல் போஸ்டைத் தாண்டிப் போகும்போது நம் கண்ணும் கூடவே போகும். ரசிகர் அப்படிப் பார்க்கலாம், நடுவருக்கு அது ஆபத்து. ஷாட் அடித்த பிறகு பந்துக்கு என்ன ஆகிறது என்பதைத் துணை நடுவரும் பார்ப்பார், கோலியும் பார்ப்பார். அடித்தவர்மேல் யார் வந்து விழுகிறார்கள் என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

சரி, எங்கே நிற்பது? புதிதாக விசில் பிடிப்பவர்கள் பந்துக்குப் பக்கத்தில் இருந்தால் போதும் என்று நினைத்துப் பந்தின் பின்னாலேயே ஓடுகிறார்கள். பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு முதுகுதான் தெரியும். கால் பந்தில் பட்டதா, கணுக்காலில் பட்டதா என்று சொல்ல முடியாது. பதினைந்து மீட்டர் தள்ளியிருந்தாலும் பக்கவாட்டில் நின்றால், பந்து வைத்திருப்பவருக்கும் பறிக்க வருபவருக்கும் நடுவில் உள்ள இடைவெளி தெரியும். அந்த இடைவெளி எப்போது மூடுகிறது, எந்தக் கால் முதலில் நுழைகிறது, கை எங்கே போகிறது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. நெருக்கத்தைவிடக் கோணம் முக்கியம்.

மைதானத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைப் பக்கமாகச் சாய்வாக ஓடச் சொல்லிப் பயிற்சியில் கற்றுக்கொடுத்திருப்பார்கள். ஆட்டம் உங்களுக்கும் துணை நடுவருக்கும் நடுவில் இருக்க வேண்டும், இரண்டு பேர் இரண்டு பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் அது. அந்தக் கோட்டை விட்டு விலகவே கூடாது என்று பொருள் இல்லை. பந்து துணை நடுவர் இல்லாத பக்கத்து மூலைக்குப் போனால் நீங்களும் அந்தப் பக்கம் போகத்தான் வேண்டும்.

உயரப் பந்து வரும்போது மேலே பார்க்காதீர்கள். பந்து எங்கே இறங்கும் என்று ஒரு பார்வையில் கணித்துவிட்டு, இறங்கும் இடத்தில் நிற்கும் இரண்டு பேரைப் பாருங்கள். முதுகில் கை வைத்துத் தள்ளுவது, குதிக்கும்போது முழங்கையைப் பின்னால் விடுவது, பந்தைப் பார்க்காமல் ஆள்மேல் குதிப்பது எல்லாம் பந்து இறங்குவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடும்.

கார்னரிலும் இதேதான். கிக் அடிப்பதற்கு முன்பு பாக்ஸுக்குள் (கோலுக்கு முன்னுள்ள பெனால்டி பகுதி) ஒரு முறை கண்ணை ஓட்டினால் யார் யாரைக் கட்டிப் பிடித்திருக்கிறார் என்று தெரியும். அப்போதே விசில் ஊதி நிறுத்தி, அந்த இரண்டு பேரையும் பெயரோ நம்பரோ சொல்லிக் கூப்பிட்டு, "கையை எடுங்க, அடுத்தது பெனால்டி" என்று சொல்லிவிடுங்கள். பந்து ஆட்டத்துக்குள் வருவதற்கு முன்பு நடந்த பிடிப்புக்கு எச்சரிக்கலாம், அட்டை கொடுக்கலாம், ஆனால் பெனால்டி கொடுக்க முடியாது, கார்னர்தான் மறுபடி அடிக்க வேண்டும். அதனால் முன்கூட்டிப் பேசுவது உங்களுக்குத்தான் லாபம். பேசிய பிறகும் பிடித்தால் பெனால்டி கொடுக்கத் தயங்கவே வேண்டாம். இல்லையென்றால் அடுத்த முறை நீங்கள் சொல்வதை யாரும் கேட்க மாட்டார்கள்.

அடுத்தது விசில். அதை வாயில் வைத்துக்கொண்டு ஓடாதீர்கள், கையில் வைத்திருங்கள். மோதல் நடந்தவுடன் கை மேலே போய், விசில் வாய்க்கு வருவதற்குள் ஒரு சின்ன அவகாசம் கிடைக்கும். அதற்குள் பந்து யாரிடம் போயிற்று, அடிபட்டவர் எழுந்தாரா, துணை நடுவர் கொடி தூக்கினாரா என்று பார்த்துவிடலாம். வாயிலேயே விசில் இருந்தால் மோதல் சத்தம் கேட்டவுடன் ஊதிவிடுவீர்கள். ஊதிய பிறகுதான் பந்து அதே அணியின் ஃபார்வர்டிடம் போய், எதிரே கோலி மட்டும் நின்றது தெரியும். ஊதினது ஊதினதுதான், ஆட்டம் நின்றுவிட்டது.

அட்வான்டேஜ் கொடுப்பதும் இதே பொறுமையிலிருந்து வருவதுதான். ஃபவுல் செய்யப்பட்ட அணிக்கு ஆட்டத்தைத் தொடர்வதுதான் நல்லது என்றால் விடுங்கள். எதிர்பார்த்த பலன் சில நொடிக்குள் வரவில்லை என்றால் திரும்ப வந்து அந்த ஃபவுலுக்கே விசில் ஊதலாம், விதி அனுமதிக்கிறது. இதைத் தெரியாத ஆட்டக்காரர்கள் "முதலில் விட்டுட்டு இப்ப ஊதுறீங்களே" என்று கேட்பார்கள். அதற்காகத்தான் கையை நீட்டி, "அட்வான்டேஜ், ஆடுங்க" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். ஃபவுலைப் பார்த்தீர்கள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் பாதிக் கோபம் அங்கேயே அடங்கிவிடும்.

பந்து தன் வசம் இருப்பது மட்டுமே அட்வான்டேஜ் ஆகாது. தன் சொந்தப் பாக்ஸுக்குப் பக்கத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு பேருக்கு நடுவில் தடுமாறும் டிஃபெண்டருக்கு ஃப்ரீ கிக்தான் வேண்டும். பயங்கரமான மோதல் என்றால் உடனே நிறுத்துங்கள். கண்ணெதிரே கோல் விழப்போகிறது என்றால் மட்டும் விதிவிலக்கு. ஆட்டம் சூடேறியிருக்கும்போது நடுமைதானத்தில் அட்வான்டேஜ் கொடுத்தால், அடிபட்டவர் எழுந்து போய்த் தானே பழி தீர்த்துக்கொள்வார். அந்த நேரத்தில் சின்ன ஃபவுலுக்கும் விசில் ஊதுவது ஆட்டத்தைக் காப்பாற்றும். இதைப் புத்தகம் இவ்வளவு விரிவாகச் சொல்லாது. ஆனால் 70-வது நிமிடத்தில் 1-1 என்றிருக்கும் ஒரு கல்லூரி இறுதி ஆட்டத்தில் நின்றால் இதன் அருமை தெரியும்.

மோதலை எடை போடும்போது மூன்று படிகள் மனதில் இருக்கட்டும். கவனக்குறைவு என்றால் ஃப்ரீ கிக் மட்டும். எதிராளிக்கு ஆபத்து வருமே என்ற எண்ணமே இல்லாமல் போனால் மஞ்சள். அளவுக்கு மீறிய வேகம், எதிராளிக்குக் காயம் வரும்படியான முரட்டுத்தனம் என்றால் சிவப்பு. "பந்தைத் தொட்டேனே சார்" என்பது நீங்கள் தினமும் கேட்கப்போகும் வசனம். பந்தைத் தொட்டது ஒரு தகவல், அவ்வளவுதான், அது மன்னிப்பு அல்ல. பந்தைத் தொட்ட பிறகு ஆணியோடு கணுக்காலில் இறங்கினால் அது சிவப்பாகவே இருக்கலாம். நான் பார்க்கச் சொல்வது இவற்றைத்தான்: எவ்வளவு வேகத்தில் வந்தார், பூட்ஸின் எந்தப் பகுதி பட்டது, எந்த உயரத்தில் பட்டது, கடைசி நொடியில் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாரா, பந்து எட்டும் தூரத்தில் இருந்ததா. அடிபட்டவர் எவ்வளவு சத்தமாகக் கத்தினார் என்பது இந்தப் பட்டியலிலேயே இல்லை.

உறுதியான கோல் வாய்ப்பைத் தடுத்ததற்கான சிவப்பு அட்டையில்தான் புதியவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். "கடைசி ஆள், சிவப்பு கொடு" என்று பக்கத்திலிருந்து கத்துவார்கள். கடைசி ஆள் என்று விதியில் எதுவும் இல்லை. கோலுக்கு எவ்வளவு தூரம், ஆட்டம் எந்தத் திசையில் போகிறது, பந்து அவர் கட்டுப்பாட்டில் இருந்ததா அல்லது வந்திருக்குமா, மற்ற டிஃபெண்டர்கள் எங்கே எத்தனை பேர் என்ற நான்கையும் பார்க்க வேண்டும். பந்து மூலைக் கொடிப் பக்கம் உருண்டு போய்க்கொண்டிருந்தால், பின்னால் யாருமே இல்லாவிட்டாலும் அது உறுதியான வாய்ப்பு அல்ல. நான்கும் பொருந்தினால் பாக்ஸுக்கு வெளியே சிவப்புதான். பாக்ஸுக்குள் 2016-லிருந்து ஒரு வித்தியாசம் உண்டு. பந்தை விளையாட நேர்மையாக முயன்று ஃபவுல் செய்து பெனால்டி கொடுத்தால் மஞ்சள் போதும். சட்டையைப் பிடித்து இழுத்தாலோ, தள்ளினாலோ, பந்துக்கு வாய்ப்பே இல்லாமல் ஆளை வீழ்த்தினாலோ பழையபடி சிவப்பு. பெனால்டியும் கொடுத்து, ஆளையும் வெளியேற்றி, அடுத்த ஆட்டத்துக்கும் தடை என்று மூன்று தண்டனை விழுவது அதிகம் என்று நினைத்து மாற்றினார்கள். எனக்கு அது நியாயமான மாற்றமாகவே படுகிறது.

ஹேண்ட்பால் விஷயத்தில் விதியே பல தடவை மாறியதால் பழைய ஆட்டக்காரர்கள் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கையில் பட்டால் எல்லாமே ஹேண்ட்பால் என்பது எந்தக் காலத்திலும் இல்லை. அக்குளின் அடிப்பகுதிக்குக் கீழேதான் கை என்று கணக்கு, தோளில் பட்டால் குற்றமில்லை. வேண்டுமென்றே கையைப் பந்துக்குக் கொண்டுபோனாரா? அல்லது, அவர் செய்துகொண்டிருந்த அசைவுக்குத் தேவையில்லாமல் கையை விரித்து உடம்பைப் பெரிதாக்கிக்கொண்டாரா? இந்த இரண்டு கேள்விதான். ஓடும்போது கை ஆடத்தான் செய்யும், குதிக்கும்போது உயரத்தான் செய்யும். அந்த அசைவுக்கு இயல்பான இடத்தில் கை இருந்து, ஒரு மீட்டரிலிருந்து அடித்த பந்து அதில் பட்டால் விட்டுவிடுங்கள். கோல் அடிக்கும்போது மட்டும் கறாராக இருக்க வேண்டும். அடித்தவரின் கையில் தற்செயலாகப் பட்டு நேராக உள்ளே போனாலோ, பட்டவுடனே அவரே கோல் அடித்தாலோ அது கோல் இல்லை. அதே தற்செயல் சக ஆட்டக்காரரின் கையில் நடந்து, இவர் கோல் அடித்தால் 2021-லிருந்து கோல் செல்லும்.

இப்போது ஆஃப்சைடு, அதாவது தன் அணி பந்தை அடிக்கும் நொடியில் எதிரணியின் பாதியில் பந்தையும் கடைசிக்கு முந்தின எதிராளியையும் தாண்டி நின்று, ஆட்டத்தில் ஈடுபடுவது. நம்மூர் டோர்னமெண்டுகளில் பல சமயம் பயிற்சி பெற்ற துணை நடுவர்கள் கிடைப்பதில்லை, ஆளுக்கொரு அணியிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டுக் கையில் கொடியைக் கொடுத்துவிடுவார்கள். அப்படிப்பட்ட ஆட்டத்தில் அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: பந்து கோட்டைத் தாண்டினால் மட்டும் கொடி, ஆஃப்சைடு என் பொறுப்பு. இல்லையென்றால் சொந்த அணிக்காகக் கொடி பறக்கும், ஆட்டம் சண்டையில் முடியும். நீங்களே ஆஃப்சைடும் பார்க்க வேண்டும் என்றால் வழக்கத்தைவிட அகலமாக, பக்கவாட்டுக் கோட்டை ஒட்டி ஓட வேண்டியிருக்கும். பந்து அடிக்கப்படும் நொடியில் டிஃபென்ஸ் வரிசையைக் கண்ணில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பந்து போய்ச் சேர்ந்த பிறகு ஆட்டக்காரர் எங்கே இருக்கிறார் என்பது முக்கியமே இல்லை. கடைசிக்கு முந்தின எதிராளியோடு சமமாக இருந்தால் ஆஃப்சைடு இல்லை. த்ரோ-இன், கோல் கிக், கார்னரிலிருந்து நேராக வந்த பந்துக்கும் இல்லை. தெளிவாகப் பார்க்கவில்லை என்றால் ஆட்டத்தை விடுங்கள், ஊகத்தில் ஊதாதீர்கள்.

ஆஃப்சைடு இடத்தில் நிற்பது மட்டுமே குற்றம் அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். பந்தைத் தொட்டாரா, கோலியின் பார்வையை மறைத்தாரா, எதிராளியைத் தடுத்தாரா என்று பொறுத்துப் பார்க்க வேண்டும். கடினமான இடம் வேறு. டிஃபெண்டர் காலில் பட்டு வந்த பந்து. 2021 அக்டோபரில் மிலானில் நடந்த நேஷன்ஸ் லீக் இறுதியில் ஸ்பெயினுக்கு எதிராக எம்பாப்பே அடித்த வெற்றி கோல் ஞாபகம் இருக்கலாம். பாஸ் கொடுக்கப்பட்டபோது அவர் ஆஃப்சைடில் இருந்தார். நடுவில் ஸ்பெயின் டிஃபெண்டர் எரிக் கார்சியா காலை நீட்டி, பந்தை லேசாகத் தொட்டார். டிஃபெண்டர் வேண்டுமென்றே விளையாடிய பந்து என்று கணக்கிட்டு நடுவர் ஆந்தனி டெய்லர் கோல் கொடுத்தார். அன்றைய வழிகாட்டுதலின்படி அது சரி. ஆனால் பாய்ந்து காலை நீட்டிய ஒரே காரணத்துக்காக ஆஃப்சைடு ஆட்டக்காரருக்குப் பரிசு கிடைப்பது பலருக்கும் உறுத்தியது. 2022-ல் விதிக்குழு விளக்கம் கொடுத்தது. பந்து தூரத்திலிருந்து தெளிவாகத் தெரியும்படி வந்ததா, வேகம் குறைவா, திசை எதிர்பார்த்ததா, உடம்பை நிதானப்படுத்த நேரம் இருந்ததா என்று பார்த்து, பந்து அவர் கட்டுப்பாட்டுக்குள் வரும் வாய்ப்பு உண்மையில் இருந்தால்தான் வேண்டுமென்றே விளையாடியதாக எடுக்க வேண்டும். தட்டுத் தடுமாறிக் காலில் பட்டுத் திரும்பியது என்றால் ஆஃப்சைடு ஆஃப்சைடுதான். அந்த கோல் இன்று விழுந்தால் முடிவு வேறாக இருக்கும் என்றே நினைக்கிறேன்.

விரைவு ஃப்ரீ கிக்கைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இந்தியக் கால்பந்தில் பெரிய சர்ச்சை ஒன்று அதில்தான் வந்தது. 2023 மார்ச் 3, பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா மைதானம், ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) பிளேஆஃப். பெங்களூருவுக்கும் கேரளா பிளாஸ்டர்ஸுக்கும் 90 நிமிடம் கோல் இல்லை. கூடுதல் நேரத்தில் பெங்களூருவுக்கு பாக்ஸுக்கு வெளியே ஒரு ஃப்ரீ கிக். கேரள ஆட்டக்காரர்கள் தடுப்புச் சுவர் அமைக்கத் தொடங்கும்போதே, கோலி தயாராகும் முன்பே, சுனில் சேத்ரி பந்தை வலைக்குள் தூக்கிப் போட்டுவிட்டார். நடுவர் கிரிஸ்டல் ஜான் கோல் கொடுத்தார். கேரளப் பயிற்சியாளர் வுகோமனோவிச் தன் அணியைக் களத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டார், அவர்கள் திரும்பவில்லை. பெங்களூரு வென்றதாக அறிவிக்கப்பட்டது. பிளாஸ்டர்ஸ் கொடுத்த புகாரை ஒழுங்குக் குழு தள்ளியது. அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடை.

விதி என்ன சொல்கிறது? ஃப்ரீ கிக்குக்கு விசில் தேவை என்று பொதுவான விதி எதுவும் இல்லை. குற்றம் செய்த அணி சுவர் கட்டும்வரை, பாதிக்கப்பட்ட அணி காத்திருக்க வேண்டியதும் இல்லை. 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டியது தடுப்பவர்களின் கடமை. ஆனால் நடுவர் தானே உள்ளே நுழைந்து தூரத்தை அளக்கத் தொடங்கினாலோ, அட்டை காட்டினாலோ, மாற்று ஆட்டக்காரரை அனுமதித்தாலோ, அதன் பிறகு அவர் விசில் கொடுக்கும்வரை யாரும் அடிக்கக் கூடாது. அன்றைய சண்டை முழுவதும் இந்தக் கோட்டில்தான். நடுவர் ஆட்டத்தைத் தன் கையில் எடுத்துவிட்டார் என்று கேரளா நம்பியது. எடுக்கவில்லை என்பது முடிவு.

உங்களுக்கு இதிலிருந்து கிடைக்கும் வேலை எளிது. ஃப்ரீ கிக் கொடுத்ததும் இரண்டில் ஒன்றை முடிவு செய்யுங்கள். விரைவாக அடிக்க விடுகிறீர்கள் என்றால் உடனே விலகி, பந்து விழக்கூடிய இடத்துக்கு நகருங்கள், சுவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள், கையைக் காட்டாதீர்கள். தூரம் அளக்கப் போகிறீர்கள் என்றால் விசிலை உயர்த்தி, அதைச் சுட்டிக்காட்டி, "விசிலுக்குப் பிறகுதான்" என்று அடிப்பவரிடமும் கோலிக்குக் கேட்கும்படியும் சொல்லுங்கள். பாதி அங்கே, பாதி இங்கே என்று நின்றால்தான் வம்பு. கோல் அருகே ஃப்ரீ கிக் என்றால் பெரும்பாலும் இரண்டாவது வழிக்குத்தான் போக வேண்டியிருக்கும், ஆனாலும் பாதிக்கப்பட்ட அணியின் உரிமையைச் சும்மா பறிக்காதீர்கள். விரைவாக அடித்த பந்து பக்கத்தில் நின்ற எதிராளிமேல் பட்டால் ஆட்டம் தொடரும், அது அடித்தவர் எடுத்த ரிஸ்க். எதிராளி வேண்டுமென்றே பந்துக்கு முன் வந்து நின்று மறித்தால் மஞ்சள்.

துணை நடுவர்களோடு பேசுவதை ஒரு சடங்காக நினைக்காதீர்கள். 1986 உலகக் கோப்பையில் மரடோனா இங்கிலாந்துக்கு எதிராகக் கையால் கோல் அடித்தபோது துனீசிய நடுவர் அலி பென்னாசூருக்குச் சந்தேகம் இருந்தது. பல்கேரியத் துணை நடுவர் போக்தான் தோச்செவைப் பார்த்தார். அவர் கொடி தூக்கவில்லை, கோல் நின்றது. ஒருவர் மற்றவர் சொல்வார் என்று எதிர்பார்த்தார், மற்றவர் தலையிட உரிமை இல்லை என்று நினைத்தார். பின்னாளில் இருவரும் ஆளுக்கு ஒரு பக்கத்தைச் சொன்னார்கள். ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம் உட்கார்ந்து, உங்கள் பக்கத்துப் பாக்ஸில் ஃபவுல் பார்த்தால் என்ன சைகை, எனக்குத் தெரியாத ஹேண்ட்பாலை எப்படிச் சொல்வீர்கள், பந்து கோல் கோட்டைத் தாண்டியது உறுதி என்றால் என்ன செய்வீர்கள் என்று பேசிக்கொள்ளுங்கள். உள்ளூர் ஆட்டத்தில் வி.ஏ.ஆர். (வீடியோ பார்த்துச் சொல்லும் உதவி நடுவர்) கிடையாது, இந்தப் பேச்சுதான் இருக்கிறது. துணை நடுவர் சொன்னது சரி என்று பட்டால் முடிவை மாற்றலாம், தயக்கமே வேண்டாம். ஆட்டம் மறுபடி தொடங்கும்வரைதான் அந்த வாய்ப்பு. தொடங்கிவிட்டால் விதிப்படி மாற்ற முடியாது.

அதே பேச்சில் அட்டைக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2006 உலகக் கோப்பையில் குரோஷியாவின் சிமுனிச்சுக்கு கிரஹாம் போல் மூன்று மஞ்சள் அட்டை காட்டினார். இரண்டாவது காட்டியபோதே வெளியே அனுப்பியிருக்க வேண்டும். தன் குறிப்புச் சீட்டில் ஒரு அட்டையை எதிரணியான ஆஸ்திரேலியாவின் 3-ம் நம்பருக்கு எதிரே எழுதியிருந்தார், குரோஷியாவின் 3-ம் நம்பர் அதிலிருந்து தப்பிவிட்டார். களத்தில் இருந்த மற்ற அதிகாரிகளும் கவனிக்கவில்லை. அட்டை காட்டும்போது நம்பரை உரக்கச் சொல்லி எழுதுங்கள், துணை நடுவர்களும் எழுதட்டும்.

கத்தலைப் பற்றிக் கேட்டீர்கள். முடிவைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுங்கள். நின்றால் ஐந்து பேர் சூழ்வார்கள். காரணம் கேட்கும் கேப்டனுக்கு ஒரு வரியில் பதில் சொல்லலாம், கேப்டன் மட்டும் வரட்டும் என்று இப்போது விதிக்குழுவே ஊக்குவிக்கிறது. பதில் நடந்ததைச் சொல்வதாக இருக்கட்டும்: "கால் தாமதமாக வந்தது, கணுக்காலில் பட்டது." அவ்வளவுதான். முதல் பாதியில் ஒரு அணிக்குத் தவறாகப் போய்விட்டது என்று தோன்றினால், இரண்டாம் பாதியில் இல்லாத பெனால்டியைக் கொடுத்து ஈடுகட்ட நினைக்காதீர்கள். அப்போது தவறு இரண்டாகிவிடும், இரண்டாவது நேர்மையற்றதும்கூட. இதை நான் மன்னிக்க முடியாத விஷயமாகவே நினைக்கிறேன்.

ஆட்டத்துக்கு முன் வலையைச் சுற்றி நடந்து பாருங்கள். 2013-ல் ஜெர்மன் லீகில் ஹொஃபென்ஹைமுக்கு எதிராக லெவர்குசனின் கீஸ்லிங் தலையால் முட்டிய பந்து, பக்க வலையிலிருந்த ஓட்டை வழியாக உள்ளே போய் கோலாகிவிட்டது. அங்கேயே அப்படி என்றால், கிழிந்த வலையும் அழிந்த சுண்ணாம்புக் கோடும் உள்ள நம் மைதானங்களில் சொல்லவே வேண்டாம். கயிறு வாங்கிக் கட்டச் சொல்லுங்கள், பாக்ஸ் கோட்டை மறுபடி போடச் சொல்லுங்கள். ஃபவுல் உள்ளேயா வெளியேயா என்ற சண்டையில் பாதி அதிலேயே தீரும்.

உடல் தகுதியும் முடிவின் ஒரு பகுதிதான். சர்வதேச ஆண் நடுவர்களுக்கான சோதனையில் 40 மீட்டரை ஆறு முறை, ஒவ்வொன்றும் 6 நொடிக்குள் ஓட வேண்டும், அப்புறம் 75 மீட்டர் ஓட்டம், 25 மீட்டர் நடை என்று 40 முறை. மூச்சு வாங்கும்போது கண்ணும் தளர்ந்துவிடும். 85-வது நிமிடத்தில் பின்தங்கி, முப்பது மீட்டர் பின்னாலிருந்து பெனால்டி கொடுப்பவரை யார் நம்புவார்கள்? விதி மாற்றங்கள் வழக்கமாக ஜூலை 1-ல் அமலுக்கு வரும், அதையும் ஒவ்வொரு வருடமும் படித்துவிடுங்கள். 2025-லிருந்து கோலி பந்தைக் கையில் எட்டு நொடிக்குமேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர், கடைசி ஐந்து நொடியைக் கையை உயர்த்தி விரலால் எண்ணிக் காட்ட வேண்டும். பழைய ஆறு நொடியும் இன்டைரக்ட் ஃப்ரீ கிக்கும் போய்விட்டன. இது தெரியாமல் இறங்கும் நடுவர்களை இன்றும் பார்க்கிறேன்.

எங்கே போக முடியும் என்று யோசிக்கிறீர்கள் என்றால், நம் தமிழ்நாட்டின் கே. சங்கர் 2002 உலகக் கோப்பையில் துணை நடுவராகக் கொடி பிடித்தவர். திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி ஃபிஃபா பட்டியலில் இடம்பெற்ற நடுவர்.

கடைசியாக அறிக்கை. சிவப்பு அட்டை கொடுத்த அன்று வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். மைதானத்திலேயே உட்கார்ந்து நிமிடம், நம்பர், மைதானத்தின் எந்தப் பகுதி, பந்து எங்கே இருந்தது, எந்தக் காலால், எங்கே பட்டது, நீங்கள் எத்தனை மீட்டர் தள்ளி எந்தக் கோணத்தில் நின்றீர்கள் என்று எழுதுங்கள். திட்டினார் என்றால் "தகாத வார்த்தை" என்று மூடி எழுதாமல், சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள். "முரட்டுத்தனமாக விளையாடினார்" என்று மட்டும் எழுதினால் ஒழுங்குக் குழுவால் ஒன்றும் செய்ய முடியாது. நீங்கள் நின்ற தூரத்தையும் கோணத்தையும் எழுத முடியாமல் திணறுகிறீர்கள் என்றால், அடுத்த ஆட்டத்தில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.